மாற்றப்படாத நான்கு தந்திகள்

தந்திக் கருவி வாசிப்போர் யாவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. புதிய தந்தி கணீரென்று ஒலிக்கும். நாட் செல்லச் செல்ல அதன் நாதம் மங்கும். மங்கியதும் அதனைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பூட்டுவர். இவ்வழக்கத்துக்கு மாறாக, பழந்தந்திகளையே விரும்பித் தேடும் ஒரு சாரார் மேனாட்டில் உளர். மின்சார பேஸ் கிற்றாரை வாசிப்போரில் ஒரு பகுதியினரே அவர்கள். பிறர் வாசித்துக் கழித்த தந்தியை விலை கொடுத்து வாங்குதல் பேதைமையாகத் தோன்றலாம். ஆயினும் அவ்விருப்பத்தின் பின்னே ஒரு வரலாறு இருக்கின்றது.

மேனாட்டு இசைக்குழுக்களிலே கீழ்ச்சுரங்களை நெடுங்காலம் தாங்கி நின்றது டபிள் பேஸ் என்னும் ஆளுயரக் கருவியாகும். ஆட்டுக் குடலை முறுக்கிச் செய்த நரம்புகள் அதற்குப் பூட்டப்பட்டன. அதனைக் காவிச் செல்வது கடினம். முரசும் எக்காளமும் முழங்கும்போது அதன் ஒலி கேட்பதும் அரிது. இக்குறையைத் தீர்க்க முற்பட்டவர் கலிபோர்ணியாவின் புல்லர்ற்றன் நகரில் தொழில் நடத்திய லியோ பெண்டர். அவர் 1951ஆம் ஆண்டில் 'பிரிசிஷன் பேஸ்' என்னும் மின்கருவியை வெளியிட்டார். தோளில் மாட்டி வாசிக்கத்தக்க அக்கருவிக்கு வீணையைப் போல மெட்டுக்கள் இருந்தமையால் சுரத்தைத் துல்லியமாகப் பிடிக்க முடிந்தது. துல்லியம் என்பதே அதன் பெயருக்கும் பொருள்.

அக்கருவியில் தந்தியின் அதிர்வைக் காந்தச் சுருளொன்று மின்னோட்டமாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்பும். காந்தம் இரும்பினத்தையன்றிக் குடல்நரம்பை உணராது. ஆகவே உருக்குத் தந்தி இன்றியமையாததாயிற்று. உருக்கினாலான உட்கம்பியின்மேல் தட்டையான உலோக நாடாவை நெருக்கமாகச் சுற்றி அத்தந்தியைச் செய்தனர். தடவிப் பார்த்தால் வழுவழுப்பாயிருக்கும் இத்தட்டைச் சுற்றுத் தந்தி, பழைய டபிள் பேஸை நினைவூட்டும் தடித்த, அடக்கமான நாதத்தைத் தந்தது.

தந்தி பழகும்போது நிகழ்வது யாது? ஒரு தந்தியை மீட்டுங்கால் அடிப்படைச் சுரத்துடன் பல மேற்றொனிகளும் எழுகின்றன. புதுத் தந்தியின் கணீரென்ற ஒலிக்கு அம்மேற்றொனிகளே காரணம். விரலின் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் தூசும் சுற்றுக்களின் இடுக்கிற் படிந்து, மேற்றொனிகளை முதலில் அடக்கிவிடுகின்றன. எஞ்சி நிற்பது அடிப்படைச் சுரத்தின் ஆழம். பிறர் மங்கல் என இகழ்ந்த அவ்வொலியைத் தம் கலையாக்கிக் கொண்டவர் ஜேம்ஸ் ஜேமர்சன்.

1936ஆம் ஆண்டில் தென் கரோலினாவின் எடிஸ்ரோ தீவிற் பிறந்த இக்கறுப்பின இளைஞர், 1954இல் டெற்றோயிற் நகருக்கு வந்து அங்கு டபிள் பேஸ் பயின்றார். 1959இல் பெரி கோர்டி அந்நகரில் ஓர் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். மோட்டவுன் எனப் புகழ்பெற்ற அந்நிறுவனத்தின் ஒலிப்பதிவுக்கூடம் ஒரு சாதாரண வீட்டிலே அமைந்திருந்தது. அங்கே பாடகர் பலருக்கும் பக்கவாத்தியம் வாசித்த குழுவில் ஜேமர்சன் முதன்மையானவர். அவர் கையிலிருந்தது 1962ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பேஸ். அதிற் பூட்டப்பட்டவை லா பெல்லா நிறுவனத்தின் தடித்த தட்டைச் சுற்றுத் தந்திகள். மிகத் தடித்த தந்தியின் குறுக்களவு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 110 பங்கு. அறுந்தாலன்றி அவற்றை அவர் மாற்றியதில்லை என்பர். குதிரையை மூடிய உலோக மூடியின் கீழ் நுரைப்பஞ்சு தந்திகளை மெல்ல அமுக்கி நிற்க, வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றினாலேயே அவர் வாசித்தார்.

இதற்கிடையில் இங்கிலாந்திலே வேறொரு நாதம் தோன்றிற்று. உருண்டைக் கம்பியைச் சுற்றிய தந்திகளை ரொட்டோசவுண்ட் நிறுவனம் உருவாக்கியது. த ஹூ குழுவின் ஜோன் என்ட்விசில் 1966இல் அந்நிறுவனத்தாருடன் சேர்ந்து அவற்றைச் செம்மைப்படுத்தினார். பியானோவைப் போல் ஒலித்த அத்தந்திகளே பின்னர் பெருவழக்காயின.

மோட்டவுன் பாடல்களை உலகம் கேட்டது. ஆனால் வாசித்தவர் யாரென்பதை உலகம் அறியவில்லை. நிறுவனத்தின் வாத்தியக்காரர் ஊதியம் பெற்றனர்; பெயர் பெறவில்லை. 1971இல் மார்வின் கேய் வெளியிட்ட 'வாட்ஸ் கோயிங் ஒன்' இசைத்தட்டின் உறையிலேதான் அவர்களின் பெயர்கள் முறையாக இடம்பெற்றன. மறு ஆண்டே நிறுவனம் லொஸ் ஏஞ்சல்சுக்கு இடம்பெயர்ந்தது. ஜேமர்சன் பின்தொடர்ந்து சென்றார். புதுநாதம் வேண்டிய அந்நகரில் அவருக்கு முன்போல் வேலை கிடைக்கவில்லை. 1983இல் நிறுவனத்தின் 25ஆம் ஆண்டு நிறைவு விழா நடைபெற்றபோது, அவர் தாமே சீட்டு வாங்கிப் பார்வையாளரிடையே அமர்ந்திருந்தார் என அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அவ்வாண்டு ஓகஸ்ட் 2ஆம் திகதி, தமது 47ஆம் வயதில் அவர் மறைந்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே அவரது பேஸ் களவு போயிற்று; நான்கு தந்திகளும் அதனோடு போயின. 2000ஆம் ஆண்டில் றொக் அன்ட் றோல் புகழ்மண்டபம் பக்கவாத்தியக் கலைஞருக்கென முதன்முறையாகச் சிறப்பளித்தபோது, அவர் பெயரும் அதிற் சேர்ந்தது.

இன்று பழந்தந்தி தேடுவோர் இருவகையினர். ஒருவகையினர், அக்காலத்து உறைகளிலே பிரிக்கப்படாது கிடக்கும் தந்திகளைச் சேர்க்கின்றனர். அவை காட்சிக்கு இனியவை, ஆனால் ஒரு விரலும் தீண்டாத தந்தி எத்தனை ஆண்டு கிடந்தாலும் பழகிய தந்தியாகாது, துருவேறலே மிஞ்சும். மற்றவகையினர், பிறர் வாசித்துப் பழக்கியவற்றைப் பெறுகின்றனர். அவற்றிலும் குறையுண்டு. தேய்மானம் ஒரே சீராயிராமையால் மேல் மெட்டுக்களிற் சுருதி பிசகும்.

ஜேமர்சனின் அளவுத் தந்திகளை லா பெல்லா நிறுவனம் இன்றும் விற்பனை செய்கின்றது. ஆதலால் எவரும் அவற்றைப் பூட்டலாம், நுரைப்பஞ்சையும் வைக்கலாம். எனினும் அந்தத் தந்திகளைப் பழக்கியது காலம் மாத்திரமன்று. ஒரு மனிதர் நாள்தோறும் செய்த உழைப்பு. அவ்வுழைப்பு விலைக்கு வருவதில்லை. புதுத் தந்தியைப் பூட்டி, மாற்றாது, பல்லாண்டு வாசிப்பவனுக்கே அந்நாதம் ஒருநாள் வாய்க்கக்கூடும்.