வில்லிபுத்தூர் நோன்பு: வேண்டுதல் மாறிய வரலாறு

மார்கழி நோன்பு எதற்காக என்று கேட்டால், நம் வீடுகளில் கிடைக்கும் விடை எளிது: கன்னிப் பெண்களுக்கு நல்ல கணவன் அமைய. நாடு செழிக்க மழை பெய்ய என்று சிலர் சேர்த்துக்கொள்வர். இரண்டும் பொய்யல்ல. ஆனால் அந்த விடையோடு நின்றுவிட்டால், ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்நோன்புக்கு நேர்ந்த பெரும் மாற்றத்தை நாம் காணத் தவறிவிடுவோம்.

நோன்பு ஆண்டாளுக்கு முந்தையது. பரிபாடலின் பதினோராம் பாடலில், நல்லந்துவனார் வையைக் கரையின் அம்பா ஆடலைக் காட்டுகிறார். முதுபெண்டிர் முறைமை காட்ட, கன்னியர் பனி விடியலில் நீராடி, மழையால் நிலம் குளிர வேண்டுமென்று வாழ்த்துகின்றனர். பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்திலோ, ஆயர் சிறுமியர் யமுனைக் கரையில் மணலால் காத்யாயனியின் உருவம் சமைத்து, கண்ணனைக் கணவனாகத் தரும்படி வேண்டுகின்றனர். இரண்டிடத்தும் கேட்கப்படுவது வெளியே உள்ள ஒன்று. கேட்பவர் மாற வேண்டியதில்லை. உலகம்தான் அவர்களுக்காக மாற வேண்டும்.

திருப்பாவையின் 30 பாசுரங்களும் இதே சடங்கை எடுத்துக்கொண்டுதான் தொடங்குகின்றன. வெள்ளி எழுந்து வியாழன் மறைந்ததாகப் பதின்மூன்றாம் பாசுரம் சொல்லும் குறிப்பைக் கொண்டு, அந்த விடியலை கி.பி. 731 எனக் கணித்தோர் உண்டு. வேறு ஆண்டு சொல்வோரும் உண்டு. இரண்டாம் பாசுரம் நோன்பின் விதிகளைத் தருகிறது. நெய்யும் பாலும் விலக்கு. மையும் மலரும் விலக்கு. தகாத செயலும் கோள் சொல்லும் விலக்கு. விடியலில் நீராடலும் இயன்றவரை கொடுத்தலும் கடமை. உணவு, ஒப்பனை, செயல், சொல், கொடை என்று ஒழுங்குபடுத்தப்பட்ட இந்நிரல், பதஞ்சலியின் எட்டு அங்கங்களில் முதலிரண்டான யமத்தையும் நியமத்தையும் நினைவூட்டுகிறது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. யோகி தனித்து அமர்கிறான். ஆண்டாளின் நோன்பைத் தனியே நோற்க இயலாது. ஆறாம் பாசுரம் முதல் பதினைந்தாம் பாசுரம் வரை, பத்துப் பாசுரங்கள் உறங்கும் தோழியரை எழுப்புவதற்கே செலவாகின்றன. தான் விழித்தது போதாது. அண்டை வீட்டுக் கதவையும் தட்டியாக வேண்டும். அந்த ஆறாம் பாசுரத்திலேயே முனிவரும் யோகியரும் விடியலில் மெல்ல எழும் காட்சி வருகிறது. ஏன் மெல்ல? கருவுற்ற பெண் தன் வயிற்றுப் பிள்ளை அசங்காமல் எழுவதைப் போல, நெஞ்சிலுள்ள இறைவன் அசங்காதிருக்கவே என்பது வைணவ உரைகாரர்களின் விளக்கம். யோகத்துக்கு இதைவிடக் கனிவான விளக்கத்தை நாம் அறியோம்.

உரைகாரர்கள் இன்னொன்றும் சொல்கின்றனர். கோதை வில்லிபுத்தூரை ஆய்ப்பாடியாகவும், வடபத்ரசாயியின் கோயிலை நந்தகோபன் மாளிகையாகவும், தன்னை இடைச்சிறுமியாகவும் பாவித்தாள். பாவனை முற்றி, இடையர்க்குரிய பேச்சும் நடையும் முடைநாற்றமும்கூட அவளுக்கு வாய்த்தனவாம். அநுகாரம் என்று அவர்கள் பெயரிட்ட இந்நெறியில், பிறராக நடிப்பதே பிறராக ஆகும் வழி.

இவ்வளவு ஒழுக்கமும் எங்கே கொண்டு சேர்க்கிறது? தொடக்கத்தில் அப்பெண்கள் கேட்க வந்தது பறை. இருபத்தேழாம் பாசுரத்தில் விலக்கிய நெய்யும் பாலும் அணிகளும் திரும்ப வருகின்றன. கேட்டது கிடைக்கும் தறுவாயில், இருபத்தொன்பதாம் பாசுரம் அனைத்தையும் திருப்பிப் போடுகிறது. நாங்கள் பறைக்காக வரவில்லை, எந்நாளும் உனக்கே ஆட்பட்டிருக்க வந்தோம், வேறு ஆசைகள் எழுந்தால் அவற்றை நீயே மாற்றிவிடு என்கிறார்கள். மழையில் தொடங்கிய வேண்டுதல் மனத்தில் வந்து முடிகிறது. விரும்பியதைத் தா என்பது போய், விருப்பத்தையே மாற்று என்றாகிவிடுகிறது.

இம்மாற்றம் ஒரு மாதத்தில் முடிந்துவிடும் காரியமா? நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்கள் இல்லையென்றே சொல்கின்றன. அது தை மாதத்து நோன்போடு தொடங்குகிறது. அங்கே அவள் கைகூப்புவது காமதேவனிடம். மார்கழியில் எட்டிய அமைதி தையில் ஏக்கமாகத் திரும்புகிறது. சாதனை என்பது ஏறி முடித்த படியன்று என்பதை இவ்விரு நூல்களையும் சேர்த்துப் படிக்கையில்தான் உணர்கிறோம்.

வில்லிபுத்தூரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில் உள்ள ராஜபாளையத்தில், ஆந்திரப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்கள் வீட்டில் தெலுங்கு பேசி வாழ்கின்றனர். கோதையின் கதையும் அம்மொழிக்குச் சென்றது. 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர், பெரியாழ்வாரையும் ஆண்டாளையும் மையமாக வைத்து ‘ஆமுக்தமால்யதா’ என்ற தெலுங்குக் காவியத்தை இயற்றினார். அதில் மாலதாசரி என்றொருவன் வருகிறான். தாழ்த்தப்பட்ட குலத்தவன், விடியுமுன் கோயிலில் பாடுவதே அவன் விரதம். வழியில் அவனைப் பிடித்த பிரம்மராட்சசனிடம், பாடிவிட்டுத் திரும்புவதாக வாக்களித்து, அவ்வாறே திரும்புகிறான். இறுதியில் அவன் பாட்டின் பலனைப் பெற்று அரக்கனே விமோசனம் அடைகிறான். திருக்குறுங்குடி நம்பாடுவானின் கதைதான் இது. தன் நோன்பு அடுத்தவனையும் மாற்றும் என்ற கருத்து, தோழியரை எழுப்பும் பத்துப் பாசுரங்களுக்குப் பக்கத்தில் வைத்து எண்ணத்தக்கது.

இன்றும் வில்லிபுத்தூரில் பகல்பத்தின் முதல் நாள் ஆண்டாள் தன் பிறந்தகமாகக் கருதப்படும் வேதப்பிரான் பட்டர் இல்லத்துக்கு எழுந்தருள்கிறாள். காய்கறிகளைக் குவித்துப் ‘பச்சைப் பரத்தல்’ நிகழ்கிறது. மார்கழி நீராட்டு உற்சவத்தில் எட்டு நாள் திருமுக்குளக் கரை மண்டபத்தில் எண்ணெய்க்காப்பு. தெய்வமான பின்னும் அவள் நோன்பிலிருந்து விடுபடவில்லை. ஆண்டுதோறும் சிறுமியாகி மீண்டும் தொடங்குகிறாள்.

பாடல்களை நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம்; கூடாரவல்லியன்று அக்காரவடிசிலும் உண்கிறோம். அதற்கு இரண்டு நாள் கழித்து வரும் பாசுரத்தின் வேண்டுதலைப் பொருள் உணர்ந்து சொல்வதுதான் கடினம். விருப்பம் நிறைவேற வேண்டும் என்று நோற்பவர் பலர். விருப்பம் மாற வேண்டும் என்று கேட்கத் துணிந்த ஒருத்தியின் ஊர் அது.