செம்மரத்துக்குக் காவல் இருக்கு... இந்தப் பாசிக்கு? ஒரே சிவப்புப் பட்டியலில் இரண்டு தாவரங்கள்

மழைக்காலம் வந்தால் புதுச்சேரியின் பழைய பிரெஞ்சு கால மதில்களில் பச்சை மெத்தை மாதிரி ஒன்று படரும். 'பாசி'ன்னு சொல்லித் தேய்த்துக் கழுவிவிடுவோம். குளத்துப் பாசி வேறு. இது வேரும் பூவும் இல்லாத குட்டிச் செடி. இந்தக் குடும்பத்திலும் அழிவின் விளிம்பில் நிற்பவை உண்டு.

அப்படி ஒன்றுதான் சிக்கிம் இமயமலையில் வளரும் டக்காக்கியா செரட்டோஃபில்லா. ஐ.யு.சி.என். சிவப்புப் பட்டியலில் 'பாதிக்கப்படக்கூடியது' என்ற பிரிவில் இருக்கிறது. அதே பட்டியலில் அதைவிட மோசமான நிலையில், 'அழிந்துவரும்' பிரிவில், நமக்கு நன்றாகத் தெரிந்த செம்மரம் இருக்கிறது.

செம்மரத்துக்கு என்ன ஆபத்து?

கோடாரிதான். இயற்கையாக வளர்வது பெரும்பாலும் ஆந்திராவின் சேஷாசலம், கடப்பா பக்கத்து மலைகளில். வைரம் பாய பல பத்தாண்டுகள் ஆகும். வெட்ட சில நிமிஷம் போதும். மரச்சாமான், இசைக்கருவி என்று வெளிநாட்டில் ஏகப்பட்ட கிராக்கி. 1995 முதல் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாடு இருந்தும் கடத்தல் நிற்கவில்லை. 2018-ல் 'அச்சுறுத்தலை நெருங்கும்' பிரிவுக்கு மாற்றப்பட்ட மரம், 2021-ல் மறுபடி 'அழிந்துவரும்' பிரிவுக்கே திரும்பியது.

இதில் மனித உயிர்களும் போயிருக்கின்றன. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலத்தில் ஆந்திர போலீசார் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களிலிருந்து கூலிக்குப் போனவர்கள். கடத்தலில் லாபம் பார்ப்பவர்கள் காட்டுக்குள் வருவதே இல்லை.

பாசியை யார் வெட்டுகிறார்கள்?

யாரும் இல்லை. ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள செடியை யார் வாங்குவார்கள்? அதன் எதிரி சூடு. டக்காக்கியா இனத்தில் மொத்தமே இரண்டு வகைதான். இன்னொரு வகையான லெபிடோசியாய்டிஸை திபெத்தில் பத்தாண்டுக்கு மேல் கவனித்த ஆய்வு 2023-ல் வெளியானது. சுமார் 39 கோடி ஆண்டுப் பழமையான இந்த இனம், அங்கே ஆண்டுக்கு சுமார் 1.6 சதவீதம் குறைந்துவருகிறது.

செம்மரத்தை நம்மூர் பட்டா நிலத்திலும் நட்டு வளர்க்கலாம். வெட்டத்தான் வனத்துறை அனுமதி வேண்டும். டக்காக்கியாவுக்குக் குளிர்ந்த மலை உச்சியை விட்டால் போக்கிடம் இல்லை. ஆய்வகத்தில் பெருக்கி மறுபடி திபெத்தில் நட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஐந்து ஆண்டுக்குப் பிறகும் அதில் சில செடிகள் உயிரோடு இருந்தன.