மரத்தின் மேல் ஒரு மனிதர்

சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி ஏற்காடு போயிருப்பீர்கள். ஏரி, படகு, லேடீஸ் சீட்... பார்த்துவிட்டு இறங்கிவிடுவோம். அடுத்த முறை கொஞ்சம் தள்ளி, வெள்ளக்கடை மாதிரி மலைக் கிராமங்கள் பக்கம் போய்ப் பாருங்கள். காப்பித் தோட்டம் கண்ணில் படும். இந்தச் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் என்று, 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்னைச் சொல்வார்கள். ஸ்காட்லாந்துக்காரர். எங்கிருந்தோ வந்து இந்த மலையில் அந்நியராக வாழ்ந்த வெள்ளைக்காரர்கள் பலரின் பெயர் நமக்குத் தெரியும்.

சரி, இங்கிருந்து போய் வேறொரு தேசத்தில் அந்நியராக வாழ்ந்த நம் ஆட்கள்? அவர்கள் பெயர் யாருக்குத் தெரியும்?

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 'டிரூரோ' என்ற கப்பல் கிளம்பியது. நவம்பர் 16-ம் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பனில், 342 பேரோடு கரை சேர்ந்தது. எதற்கு? நேட்டால் கரும்புத் தோட்டங்களில் ஐந்து வருட ஒப்பந்தக் கூலி. முதல் வருடம் மாதச் சம்பளம் 10 ஷில்லிங்! 1911 வரை இப்படிப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஆற்காடு, தஞ்சாவூர், சேலம் என்று நம் மாவட்டங்களின் பெயரெல்லாம் அந்தக் கப்பல் பட்டியல்களில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். அதுதான் அங்கே அவர் அடையாளம்.

இப்படிப் போனவர்கள் தலையில் ஒரு யுத்தமும் வந்து விடிந்தது. 1899 அக்டோபரில் ஆங்கிலேயர்களுக்கும் போயர்களுக்கும் சண்டை மூண்டது. இரண்டு பேருமே வெள்ளைக்காரர்கள். நம் ஆட்களுக்கு இதில் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனால் குண்டு ஆள் பார்த்தா விழுகிறது?

நேட்டாலின் உள்ளே இருக்கும் சின்ன ஊர் லேடிஸ்மித். நவம்பர் 2-ம் தேதி போயர்கள் அதைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். 118 நாள் முற்றுகை! சாப்பாடு தீர்ந்துபோய் சிப்பாய்கள் குதிரைக் கறி தின்றார்கள். டைஃபாய்டு வேறு. உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் இந்தியக் கடைக்காரர்களும் கூலிக்காரர்களும் உண்டு.

அவர்களில் ஒருவர் பிரபுசிங். தமிழர் இல்லை; ஆனால் நம் ஆட்களைப் போலவே ஒப்பந்தக் கூலியாகப் போனவர். எதிரே குன்றின் மேல் போயர்களின் பீரங்கி. அது வெடிக்கும் மின்னலுக்கும் குண்டு வந்து விழுவதற்கும் நடுவே சற்றே அவகாசம் இருக்கும். பிரபுசிங்குக்குக் கொடுத்த வேலை, மரத்தின் மேல் உட்கார்ந்து அந்த மின்னலைப் பார்த்ததும் மணி அடிப்பது. மணி கேட்டதும் ஜனங்கள் ஓடி ஒளிந்துகொள்வார்கள். எல்லோரும் ஒளியலாம், அவர் மட்டும் இறங்க முடியாது. ஒருமுறைகூட அவர் மணி அடிக்கத் தவறவில்லை என்று ராணுவ அதிகாரியே பாராட்டியதைக் காந்தி எழுதியிருக்கிறார். வைஸ்ராய் கர்சன் காஷ்மீர் அங்கி ஒன்றை அனுப்பிவைக்க, டர்பன் டவுன் ஹாலில் மேயர் கையால் அது அவருக்குப் போர்த்தப்பட்டது.

முற்றுகைக்கு வெளியேயும் நம் ஆட்கள் இருந்தார்கள். காந்தி திரட்டிய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர். அதில் 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். ஸ்பியான் காப் மலைச் சண்டையில் அடிபட்ட சிப்பாய்களை டோலியில் வைத்து மைல் கணக்கில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

1900 பிப்ரவரி 28-ல் லேடிஸ்மித் மீட்கப்பட்டது. கைதட்டல் எல்லாம் ஓய்ந்த பிறகு என்ன கிடைத்தது என்கிறீர்கள்?

ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறுபடி கூலிக்கும் கையெழுத்துப் போடாமல் அங்கேயே தங்கினால் வருடம் 3 பவுன் தலைவரி! 1895-ல் போட்ட சட்டம் இது. முதல் வருடக் கூலிக்குக் கணக்குப் போட்டால் ஆறு மாதச் சம்பளம். போருக்குப் பிறகு எடுத்தார்களா? இல்லை. 1903-ல் 16 வயதுப் பையன்களுக்கும் 13 வயதுப் பெண் குழந்தைகளுக்கும் சேர்த்துப் போட்டார்கள். அங்கி ஒருவருக்கு, வரி எல்லோருக்கும்!

நம் ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. 1913-ல் தமிழ்ப் பெண்கள் சிலர் லேடிஸ்மித்துக்கு வடக்கே இருக்கும் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய், "இந்த வரி ஒழியும்வரை வேலைக்குப் போகாதீர்கள்" என்று தொழிலாளர்களிடம் பேசினார்கள். சுரங்கம் நின்றது. பிறகு தோட்டங்களும் நின்றன. ஆயிரக்கணக்கானோர் ஜெயிலுக்குப் போனார்கள். 1914-ல் வரி ஒழிந்தது.

பாராட்டு வேறு, உரிமை வேறு. முன்னதை வெள்ளைக்காரர்கள் தாமாகவே கொடுத்தார்கள். பின்னதை வேலை நிறுத்தம் செய்துதான் வாங்க வேண்டியிருந்தது. பிழைக்கப் போன இடத்தில் இன்றும் அந்நியராக இருப்பவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த முறை ஏற்காட்டில் ஏதாவது பழைய பங்களாவில் ஒரு வெள்ளைக்காரர் பெயரைப் படித்தால், நம்பரோடு கப்பலேறிய நம் ஊர்க்காரர்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.