சந்தேகம் விற்ற வணிகர்

உண்மையைக் கண்டறிவது ஒன்று. அவ்வுண்மை மக்களைச் சென்றடைவது வேறொன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தை இலாபவேட்டை எவ்வாறு நீட்டித்துக்கொள்கிறது என்பதற்குச் சிகரெட்டின் வரலாறே தக்க சான்றாகும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1922 ஆம் ஆண்டில் நுரையீரற் புற்றுநோயால் இறந்தோர் 612 பேர். 1947 இல் அத்தொகை 9,287 ஆயிற்று. இருபத்தைந்தே ஆண்டுகளிற் பதினைந்து மடங்கு! காரணம் யாது? மோட்டார் வண்டிப் புகை என்றனர் சிலர். தார் வீதிகள் என்றனர் வேறு சிலர். விடை தேடப் புகுந்தவர் இருவர். ஒருவர், இளமையிற் பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்திருந்த வைத்தியர் றிச்சர்ட் டோல். மற்றவர், காசநோயால் வைத்தியக் கல்வியை இழந்து புள்ளிவிபரவியல் அறிஞரான பிராட்போர்ட் ஹில்.

லண்டன் மாநகரின் இருபது வைத்தியசாலைகளில் நோயாளரை விசாரித்து, 1950 செப்டெம்பரில் அவர்கள் தம் முடிபை வெளியிட்டனர். நுரையீரற் புற்றுநோயுற்ற ஆடவர் 649 பேருட் புகையாதவர் இருவரே; அவர்களோடு ஒப்பிடப்பெற்ற ஏனைய நோயாளர் 649 பேருள் 27 பேர். புகைக்கும் அளவு மிக மிக நோயும் மிகுந்தது. தார் வீதிகளையே முதலில் ஐயுற்றிருந்த டோல், ஆராய்ச்சி முடியுமுன்னரே தாமும் சிகரெட்டைக் கைவிட்டார்.

அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அதே ஆண்டில் இம்முடிபுக்கே வந்தனர். கம்பெனிகள் யாது செய்தன? 1953 டிசெம்பரில் அவற்றின் தலைவர்கள் நியூயோர்க் ஹோட்டல் ஒன்றிற் கூடினர். 1954 ஜனவரி 4 ஆந் திகதி, நானூறுக்கு மேற்பட்ட பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் வெளிவந்தது. புற்றுநோய்க்குப் புகைத்தலே காரணம் என்பதற்குச் சான்றில்லை என்றும், மக்கள் சுகமே தம் தலையாய பொறுப்பு என்றும் அது கூறிற்று. அவர்களது உள்ளக்கிடக்கையோ வேறு. சந்தேகமே தமது உற்பத்திப் பொருள் என்று 1969 இல் ஒரு கம்பெனியின் உள்ளறிக்கை ஒளிவின்றி எழுதி வைத்தது. பல்லாண்டுகளாக அவை மக்களை ஏமாற்றின என அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2006 இலேதான்!

அந்த இடைக்காலத்தின் விலை யாது? 1951 முதல் பிரித்தானிய வைத்தியர்களின் வாழ்வைத் தொடர்ந்து கணித்து வந்த டோல், 2004 இல் விடை தந்தார். புகைப்பவர் சராசரி பத்தாண்டு ஆயுளை இழக்கின்றனர். புற்றுநோய் மட்டுமன்று, மாரடைப்பும் சுவாச நோய்களும் அவர்களை மாய்க்கின்றன. ஐம்பது வயதில் நிறுத்தினோர் ஆறாண்டுகளை மீட்டனர். முப்பதில் நிறுத்தினோர் ஏறத்தாழ முழுவதையும் மீட்டனர். ஆகவே, சந்தேகம் விதைக்கப்பட்ட ஒவ்வோர் ஆண்டும் மீட்டிருக்கக்கூடிய உயிர்களைக் கொள்ளைகொண்ட ஆண்டேயாம்.

இன்றும் உலகில் ஆண்டுதோறும் எழுபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் புகையிலையால் மடிகின்றனர். அதனைப் பாவிப்போரில் ஐந்தில் நால்வர் வறிய, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தோர். புகைத்தல் தீதென்று மாணவருக்கு ஒழுக்கம் போதித்தல் மட்டும் போதாது. அத்தீமையை அறிந்தும் மறைத்தவர் யார், மறைத்ததால் இலாபம் அடைந்தவர் யார் என்று வினவவும் அவர்களைப் பழக்குவோமாக.