ரேடியோவில் வந்த கேம்

1980களின் நடுவில் பெல்கிரேடில் ஒரு ரேடியோ நிகழ்ச்சி. பேர் வென்டிலேட்டர் 202. அறிவிப்பாளர் ஸோரான் மோட்லி. பாட்டுப் போடுவார், பேசுவார், நடுவில் கேசட் ரெக்கார்டரைத் தயாராக வைத்துக்கொள்ளச் சொல்வார். அடுத்து வருவது பாட்டு இல்லை. கீச்சென்று ஒரு சத்தம், சில நிமிடம் விடாமல். பழைய ஃபேக்ஸ் மெஷின் சத்தத்தைக் கேட்டிருந்தால் அதை நினைத்துக்கொள்ளுங்கள். கேட்டதில்லை என்றால் வீட்டில் அப்பாவிடம் கேளுங்கள்.

அந்தக் கீச்சு ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம். பல சமயம் ஒரு கேம். கேட்டவர்கள் அதைக் கேசட்டில் பதிவு செய்து, கேசட் பிளேயரின் ஒயரைத் தங்கள் கம்ப்யூட்டரில் செருகி ஓட்டுவார்கள். எல்லாம் சரியாக அமைந்தால் டிவி திரையில் விளையாட்டு வரும். மூன்று வருடத்தில் இப்படிச் சுமார் 150 புரோகிராம்கள் ஒலிபரப்பாகியிருக்கின்றன. வைஃபை என்ற சொல்லே பிறக்காத காலத்தில் ஒரு நகரமே ஒரே நேரத்தில் ஒரு கேமைக் காற்று வழியாக டவுன்லோடு செய்தது.

இதை முதலில் படித்தபோது கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது. பல்கலைக்கழகத்தில் மைக்ரோப்ராசஸர் பாடத்தை இரண்டு செமஸ்டர் படித்தேன். இசட்-80 சிப்பின் ரெஜிஸ்டர்களை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினேன். அந்தச் சிப்பை வைத்து இப்படியெல்லாம் செய்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

சரி, கதைக்கு வருவோம். எட்டு-பிட் காலம் என்றால் வழக்கமாக இங்கிலாந்தின் சிங்கிளேர் ஸ்பெக்ட்ரம், அமெரிக்காவின் கமடோர் 64 என்றுதான் ஆரம்பிப்பார்கள். கடைக்குப் போனார்கள், வாங்கினார்கள், விளையாடினார்கள். யூகோஸ்லாவியாவில் அது அவ்வளவு சுலபம் இல்லை. சோசலிச நாடு, ஆனால் சோவியத் முகாமில் இல்லை. மக்கள் பாஸ்போர்ட்டோடு இத்தாலியின் திரியெஸ்தே வரை போய் ஜீன்ஸ் வாங்கி வருவார்கள். கம்ப்யூட்டர் மட்டும் வாங்கி வர முடியாது. 50 ஜெர்மன் மார்க்குக்கு மேல் விலையுள்ள பொருளைக் கொண்டுவரத் தடை. எந்தக் கம்ப்யூட்டரும் அந்த விலைக்குள் அடங்காது. அதனால் கடத்தினார்கள். முழுதாகவும் கடத்தினார்கள், கழற்றித் துண்டு துண்டாகவும் கடத்தினார்கள்.

இதையே கேமாகவும் செய்துவிட்டார்கள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். 1984இல் ஸ்லோவேனியாவில் சிகா துர்க், மதேவ்ஷ் க்மெத் என்ற இரண்டு இளைஞர்கள் ஸ்பெக்ட்ரமுக்காக எழுதிய கேமின் பேர் 'கொன்ட்ரபான்ட்'. கடத்தல் சரக்கு என்று அர்த்தம். டைப் செய்து விளையாடும் கேம். மொழி ஸ்லோவேனிய மொழி. விளையாடுபவரின் வேலை, கம்ப்யூட்டர் சாமான்களைத் தேடிப் பிடித்து எல்லை தாண்டிக் கொண்டுவருவது. கேசட்டை வெளியிட்டது லூப்லியானாவின் மாணவர் வானொலி. கடத்தி வந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் கடத்தும் கேம் விளையாடியிருக்கிறார்கள். தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்த ஊர்.

கடத்தப் பணமில்லாதவன் என்ன செய்வான்? இங்கேதான் வோயா அன்டோனிச் வருகிறார். பெல்கிரேடுக்காரர், எலக்ட்ரானிக்ஸ் பைத்தியம். 1983 கோடையில் மனைவியோடு மொண்டெநெக்ரோ கடற்கரையில் ரிசான் என்ற ஊருக்கு விடுமுறைக்குப் போகிறார். ஹோட்டல் பேர் தெவ்தா. கடல் பக்கத்தில் இருக்கிறது, மனிதர் படித்துக்கொண்டிருந்தது ஆர்சிஏ கம்பெனி தன் ப்ராசஸர்களுக்காக வெளியிட்ட கையேடு. (மனைவி என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள ஆசை.)

அந்தக் காலக் கம்ப்யூட்டரில் செலவு பிடிக்கும் பகுதிகளில் ஒன்று, டிவி திரைக்குப் படம் அனுப்பும் வேலை. டிவியில் படம் கோடு கோடாக வரும், ஒரு வினாடிக்கு 50 முறை. ஒவ்வொரு கோட்டிலும் எந்தப் புள்ளி வெள்ளை, எந்தப் புள்ளி கறுப்பு என்று யாராவது நேரம் தவறாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென்று தனிச் சர்க்கியூட் வைப்பார்கள். அன்டோனிச்சின் கேள்வி எளிமையானது: ப்ராசஸர் சும்மாதானே இருக்கிறது, அதையே அந்த வேலைக்கு வைத்தால் என்ன?

முழுக்கப் புதிய யோசனை என்று சொல்ல முடியாது. சிங்கிளேரின் பழைய மாடல்களும் ப்ராசஸரை வைத்துத்தான் படம் காட்டின. அன்டோனிச் செய்த விதம்தான் அழகு. இசட்-80க்குள் ஒரு சின்ன ரெஜிஸ்டர் உண்டு. டைனமிக் மெமரி மறந்துபோகாமல் இருக்க, அதை வரிசையாகத் தட்டி எழுப்பிக்கொண்டே இருப்பது அதன் வேலை. அன்டோனிச் ஸ்டாட்டிக் மெமரி பயன்படுத்தினார். அதற்குத் தட்டி எழுப்பும் தேவை இல்லை. ஆக, சும்மா எண்ணிக்கொண்டிருந்த அந்த ரெஜிஸ்டரை, திரையில் அடுத்து எந்த எழுத்து என்று எடுத்துக் கொடுக்கும் ஆளாக மாற்றிவிட்டார். நான் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த அதே ரெஜிஸ்டர். நான் அதற்கு எழுதிய விடை ஒரு வரி.

ஹோட்டலிலேயே சர்க்கியூட்டை வரைந்துவிட்டார். சோதித்துப் பார்க்க வழியில்லை. ஊர் திரும்பிக் கட்டிப் பார்த்தார், ஓடியது. 3.072 மெகாஹெர்ட்ஸ் இசட்-80, இரண்டு முதல் ஆறு கிலோபைட் மெமரி, திரையில் 32 எழுத்து அகலம், 16 வரி. போர்டில் செம்புத் தடங்கள் ஒரு பக்கம் மட்டும். அது வேண்டுமென்றே செய்தது. இரண்டு பக்கப் போர்டை வீட்டில் செய்வது கஷ்டம், ஒரு பக்கம் என்றால் சமையலறையிலேயே ஆசிடில் முக்கி எடுத்துவிடலாம்.

பேசிக் மொழி முழுவதும் நான்கு கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். இந்தக் கட்டுரையை நான் சேமித்து வைத்திருக்கும் ஃபைலே அதைவிடப் பெரிது. இடம் பற்றாததால் எழுத்துத் தொடர்களை வைக்க இரண்டே மாறிகள். பிழைச் செய்திகள் மூன்றே மூன்று. நீங்கள் அடித்தது புரியவில்லை என்றால் 'வாட்?'. புரிகிறது, ஆனால் செய்ய முடியாது என்றால் 'ஹவ்?'. மெமரி தீர்ந்துவிட்டால் 'சாரி'. இப்போது என் வேலையில் பக்கம் பக்கமாக வரும் பிழைச் செய்திகளை உட்கார்ந்து படிக்கும்போது, இந்த மூன்று சொல்லுக்கு மேல் அவையும் ஒன்றும் சொல்வதில்லை என்று தோன்றும்.

இவ்வளவு நெருக்கடியிலும் ஒரு விஷயத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆங்கில எழுத்துகளோடு, தலையில் கொக்கியும் கோடும் போட்ட தங்கள் மொழி எழுத்துகளுக்கும் அதில் இடம் வைத்திருந்தார். சின்ன எழுத்துகளே இல்லாத மெஷின் அது, எல்லாம் பெரிய எழுத்துதான். இருந்தாலும் அந்த எழுத்துகள் உண்டு. போனில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்த நாட்களை ஞாபகம் வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அன்டோனிச் இதைக் கம்பெனியாக்கவில்லை. 'கலாக்சியா' என்ற அறிவியல் பத்திரிகையில் கம்ப்யூட்டர் பற்றி எழுதிக்கொண்டிருந்த தெயான் ரிஸ்தானோவிச்சைச் சந்திக்கிறார். அவருக்கு அப்போது இருபது வயதுதான் இருக்கும். பத்திரிகையில் யோவா ரெகாசெக் தொகுக்க ஒரு சிறப்பிதழ் தயாராகிறது, தலைப்பு 'உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர்'. ஜனவரி 1984 தேதியிட்ட இதழ். முழு சர்க்கியூட் வரைபடம், கட்டும் முறை, எல்லாம் அதில். கம்ப்யூட்டருக்கும் பத்திரிகையின் பேரே: கலாக்சியா.

முதலில் 30,000 பிரதி அடித்தார்கள். எத்தனை பேர் உண்மையில் கட்டிப் பார்ப்பார்கள் என்று தங்களுக்குள் கணக்குப் போட்டார்கள். ரொம்ப நம்பிக்கையோடு சொன்ன எண்ணே ஆயிரம்தான். இதழ் மறுபடி மறுபடி அச்சாகி ஒரு லட்சத்தைத் தொட்டது. கிட் கேட்டு எழுதியவர்கள் 8000க்கும் மேல்.

இந்த 8000 என்ற எண்ணைத் தாண்டிப் போக மனசு வரவில்லை. போர்டும் கீபோர்டும் ஒரு இடத்திலிருந்து வந்தன. சிப்புகள் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரிலிருந்து. பத்திரிகை ஆபீஸ் ஆர்டர் எடுத்து அனுப்பியது. நான்கு கிலோபைட் பேசிக்கைச் சிப்பில் ஏற்றும் வேலை மட்டும் ஒரே ஆளிடம்: அன்டோனிச். அவரே உட்கார்ந்து எல்லாச் சிப்பிலும் ஏற்றிக் கொடுத்தார். நான் ஒரு புரொடக்‌ஷன் லைனில் முப்பது போர்டுக்கு ஃபர்ம்வேர் ஏற்றிவிட்டு இடுப்பு வலி என்று உட்கார்ந்தவன்.

கிட்டில் பெட்டி கிடையாது. மரத்தில் செய்தார்கள், தகரத்தில் செய்தார்கள், போர்டிலேயே ஒட்டினார்கள். இன்று இணையத்தில் பழைய கலாக்சியா படங்களைப் பாருங்கள், இரண்டு ஒரே மாதிரி இருப்பது அபூர்வம்.

மெஷின் வந்துவிட்டது, கேமுக்கு எங்கே போவது? பத்திரிகையில் அச்சான வரிகளைப் பார்த்துப் பார்த்துத் தட்டலாம். ஒரு எழுத்து தவறினால் 'வாட்?'. இங்கேதான் மோட்லியின் ரேடியோ. கலாக்சியா வினாடிக்கு 280 பிட் வேகத்தில் கேசட்டிலிருந்து படிக்கும். கணக்குப் போட்டால் நான்கு கிலோபைட்டுக்கு இரண்டு நிமிடம்தான், ஒரு பாட்டுக்கும் குறைவு. அந்த மந்த வேகமும் ஒரு வகையில் நல்லதுதான், ரேடியோவில் கொஞ்சம் இரைச்சல் கலந்தாலும் தாங்கும். கலாக்சியாவுக்கு மட்டுமல்ல, ஸ்பெக்ட்ரமுக்கும் கமடோருக்கும் ஒலிபரப்பினார்கள். பக்கத்து அறையில் யாராவது ஸ்விட்ச் போட்டு 'டிக்' என்று ஒரு சத்தம் விழுந்தால் கேம் போச்சு. நெதர்லாந்திலும் ரேடியோவில் புரோகிராம் அனுப்பினார்கள், அங்கே பல வகைக் கம்ப்யூட்டருக்கும் பொதுவாக பேசிகோட் என்று ஒரு முறையே உருவாக்கினார்கள். அது பொறியாளர்களுக்குப் பிடிக்கும் தீர்வு. எனக்கு என்னவோ மோட்லிதான் பிடிக்கிறது. அவர் டிஜே, அதோடு விமானமும் ஓட்டுபவர். காற்றில் எதை அனுப்பினால் போய்ச் சேரும் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை போல.

இதை எல்லாம் சோசலிசத்தின் சாதனை என்று எழுதுபவர்கள் உண்டு, அரசாங்கத்தை மீறிய சுதந்திர மனங்களின் வெற்றி என்று எழுதுபவர்களும் உண்டு. இரண்டும் எனக்கு ஒட்டவில்லை. தடை போட்டதும் அரசுதான், அந்தக் கீச்சுச் சத்தத்தை ஒலிபரப்பியதும் அரசு ரேடியோதான். இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். அந்த நாட்டில் வெளிநாட்டு கேம்களைக் காப்பியடித்து விற்பவர்கள் பத்திரிகைகளில் பகிரங்கமாக விளம்பரம் கொடுத்தார்கள். அன்டோனிச் தன் படைப்பை இலவசமாகக் கொடுத்தது ஒரு பக்கம், மற்றவன் படைப்பை இலவசமாக எடுத்துக்கொண்டது இன்னொரு பக்கம். இரண்டையும் 'பகிர்தல்' என்று ஒரே சொல்லில் போட்டுவிடுகிறோம். சிங்கிளேருக்காக இங்கிலாந்தில் ராத்திரி முழுக்கக் கண்விழித்து கேம் எழுதிய பையனுக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்டிருக்கும்?

கலாக்சியாவின் காலம் குறைவு. ஸ்பெக்ட்ரமும் கமடோரும் எப்படியோ வீடுகளுக்குள் பெருகின. வண்ணமும் சத்தமும் உள்ள மெஷின் பக்கத்து வீட்டில் இருக்கும்போது கறுப்பு வெள்ளைக் கலாக்சியாவை யார் தொடுவார்கள்? 1991இல் நாடே உடையத் தொடங்கியது. பேசிக்கை ஏற்றிய பெல்கிரேடு, கேம் எழுதிய லூப்லியானா, சர்க்கியூட் வரைந்த ரிசான், மூன்றும் இன்று மூன்று நாடுகளில்.

1995இல் அன்டோனிச் தன்னிடம் இருந்த ஐந்து மாதிரி மெஷின்களையும் குப்பையில் போட்டார். இனி யாருக்கும் இது தேவைப்படாது என்று நினைத்தார். பிறகு யாரோ கட்டிய ஒரு கலாக்சியா பெல்கிரேடு அறிவியல் தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மோட்லி 2020இல் இறந்தார். அன்டோனிச்சின் வரைபடம் இணையத்தில் கிடைக்கிறது. போன மாதம் பிரிண்ட் எடுத்தேன். ஒரு பக்கப் போர்டு, சாலிடரிங் அயர்ன் இருக்கிறது, இசட்-80 இன்னும் கடைகளில் தேடினால் கிடைக்கிறது. சத்தத்தைக் கேட்டு ஏற்ற ஒரு கேசட் பிளேயர்தான் இல்லை. பெரியம்மா வீட்டு ஸ்டோரில் ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள், சனிக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.