700 எழுத்துக்குள் ஓர் ஆய்வகம்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராக 1869-இல் பொறுப்பேற்ற சார்லஸ் எலியட், மருத்துவ மாணவர்களுக்கு எழுத்துத் தேர்வு வைக்கலாம் என்று யோசனை சொன்னார். அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஹென்றி ஜேக்கப் பிகலோ ஒரே போடாகப் போட்டார். மாணவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஒழுங்காக எழுதவே வராது, இதில் எழுத்துத் தேர்வு எங்கே வைப்பது என்றார். மனிதர் அதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளவில்லை. எலியட்டை மடக்கும் வாதமாகவே எடுத்து வைத்தார்.

அந்த மாணவர்கள் உள்ளே வந்த வழியும் எளிதானதுதான். அக்கால அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் விரிவுரை கேட்பதற்குச் சீட்டு விற்றார்கள். காசு கொடுத்தால் சீட்டு. அந்தக் காசு பெரும்பாலும் பேராசிரியரின் பைக்கே போனது. சீட்டு வாங்க வந்தவனிடம் “இதுவரை நீ என்ன ஆராய்ந்திருக்கிறாய்?” என்று யாராவது கேட்டிருந்தால், சினிமாக் கொட்டகை வாசலில் அப்படிக் கேட்டதைப் போல இருந்திருக்கும்.

இன்று அதே நாட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் துணிச்சல் அதிகம் பேருக்கு இல்லை. அங்கே நான்காண்டு இளங்கலைப் படிப்பை முடித்த பிறகுதான் மருத்துவம். ‘ஆம்காஸ்’ என்று சுருக்கிச் சொல்லப்படும் பொது விண்ணப்பத்தில், கல்லூரிக் காலத்தில் செய்தவற்றை 15 பதிவுகள் வரை நிரப்பலாம். ஒவ்வொன்றையும் விவரிக்க, இடைவெளிகளையும் சேர்த்து 700 எழுத்து. ஆங்கிலத்தில் சுமார் 100 சொல். மிக முக்கியமானவை என்று குறிக்கும் மூன்றுக்கு மட்டும் கூடுதலாக 1,325 எழுத்து. எந்த வகை வேலை, எப்போது தொடங்கி எப்போது முடிந்தது, மொத்தம் எத்தனை மணி நேரம், விசாரிக்க வேண்டுமானால் யாரைக் கேட்பது என்ற விவரங்களும் உண்டு. வகைகளின் பட்டியலில் ஆய்வு வேலைக்கு ஓர் இடம், வெளியான கட்டுரைகளுக்கு ஓர் இடம், மாநாட்டில் ஒட்டிய போஸ்டருக்கு ஓர் இடம்.

நீட் மதிப்பெண், தரவரிசை, கலந்தாய்வு என்று பழகிய நமக்கு இது வேற்றுக் கிரகத்து வழக்கமாகத் தோன்றலாம். நம் ஊரில் மருத்துவ இடம் கேட்கும் பிள்ளையிடம் தன்னைப் பற்றி ஒரு வரி எழுதச் சொல்வதில்லை. அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களோ பிள்ளைக்குக் கோடை விடுமுறையில் எந்த லேபில் இடம் கிடைக்கும் என்று விசாரிக்கப் பழகிவிட்டன.

வழக்கம் மாறத் தொடங்கிய இடம் பால்டிமோர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்கு மருத்துவமனை இருந்தது, பேராசிரியர்கள் இருந்தார்கள், மருத்துவப் பள்ளியைத் திறக்கப் பணம் இல்லை. மேரி எலிசபெத் கேரட் என்ற செல்வந்தப் பெண்மணி மூன்று லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார். கூடவே நிபந்தனையும் வைத்தார். பெண்களை ஆண்களுக்குச் சமமாகச் சேர்க்க வேண்டும். சேர்பவர்கள் பட்டம் பெற்றிருக்க வேண்டும். பிரெஞ்சும் ஜெர்மனும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அறிவியலில் அடித்தளம் இருக்க வேண்டும். 1893-இல் பள்ளி திறந்தபோது முதல் வகுப்பில் 18 பேர், அவர்களில் மூவர் பெண்கள். வில்லியம் ஆஸ்லர் தன் சக பேராசிரியர் வில்லியம் வெல்ச்சிடம், நல்லவேளை நாம் பேராசிரியர்களாக வந்தோம், மாணவர்களாக வந்திருந்தால் நமக்கே இடம் கிடைத்திருக்காது என்று வேடிக்கையாகச் சொன்னது மருத்துவ உலகில் இன்றும் உலவுகிறது.

அந்தப் பள்ளிக்கு 1897-இல் வந்து சேர்ந்தவர்களில் கெர்ட்ரூட் ஸ்டைனும் ஒருவர். ராட்கிளிஃப் கல்லூரியில் உளவியல் மேதை வில்லியம் ஜேம்ஸிடம் படித்தவர். இளங்கலை மாணவியாக இருக்கும்போதே லியான் சாலமன்ஸ் என்பவரோடு சேர்ந்து அவர் செய்த ஆய்வு 1896-இல் ஓர் உளவியல் இதழில் வெளிவந்துவிட்டது. ஹாப்கின்ஸில் மூளைத்தண்டின் அமைப்பை ஆராய்ந்தார். பேராசிரியர் ஒருவர் எழுதிய நரம்பு மண்டல நூலில் ஸ்டைனின் விவரிப்பு இடம்பெற்றது. இன்றைய விண்ணப்பக் கணக்குப்படி பார்த்தால் அவருக்கு முதல் வரிசை நாற்காலி. ஆனால் 1901-இல் பட்டம் வாங்காமலே வெளியேறினார். நோயாளிகளோடு புழங்கும் பாடங்கள் அவரைச் சலிப்படையச் செய்திருந்தன. பாரிஸுக்குப் போய் எழுத்தாளரானார். ஆய்வு அனுபவத்தைப் பார்த்தே நல்ல மருத்துவரை முன்கூட்டிக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்புகிறவர்களுக்கு ஸ்டைன் சங்கடமான ஆள்.

ஜே மெக்லீனின் கதை நேர்எதிர்த் திசையில் போகிறது. 1906-ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் குடும்பம் நொடித்துப்போக, தங்கச் சுரங்கத்திலும் எண்ணெய்க் கிணறுகளிலும் வேலை பார்த்துப் படிப்புக்குப் பணம் சேர்த்தவர். ஹாப்கின்ஸ் அவருக்கு இடமில்லை என்று கடிதம் அனுப்பிவிட்டது. அதைப் பொருட்படுத்தாமல் 1915-இல் ரயிலேறிப் பால்டிமோரில் போய் நின்றார். அதிர்ஷ்டம், ஓர் இடம் காலியானது. உடலியங்கியல் பேராசிரியர் வில்லியம் ஹவலிடம் போய், தனியாளாக ஒரு சிக்கலை எடுத்துத் தீர்த்துப் பார்க்க வேண்டும், அதற்கு ஓர் ஆண்டு ஒதுக்கியிருக்கிறேன் என்றார். விண்ணப்பத்தில் காட்டுவதற்காக அவர் ஆய்வகத்துக்குள் நுழையவில்லை. அப்படி ஒரு கட்டமே அப்போது கிடையாது.

ஹவல் கொடுத்த வேலை ரத்தத்தை உறையவைக்கும் பொருளைப் பற்றியது. மூளையிலிருந்து பிரித்தெடுத்த அந்தப் பொருள் சுத்தமானதுதானா என்று சரிபார்க்க வேண்டும். மெக்லீன் இதயத்திலிருந்தும் ஈரலிலிருந்தும் பிரித்த சாறுகளையும் சேர்த்துச் சோதித்தார். பழைய சாற்றை மீண்டும் மீண்டும் சோதித்தபோது விவகாரம் தலைகீழானது. ஈரல் சாறு ரத்தத்தை உறையவிடாமல் தடுத்தது. ஹவல் நம்பவில்லை. மெக்லீன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தபடி, அப்போதுதான் எடுத்த பூனை ரத்தத்தில் அந்தச் சாற்றைக் கலந்து, கண்ணாடிக் குவளையை ஹவலின் மேசையில் வைத்து, உறைந்ததும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அது உறையவே இல்லை.

1916-இல் கட்டுரை வந்தது. தலைப்பு உறையவைக்கும் பொருளைப் பற்றியது. உறையாமல் தடுக்கும் பொருள் உள்ளே சிறு பகுதியாக வந்துபோனது. மெக்லீன் வேறு இடத்துக்குப் போய்விட்டார். ஹவல், எம்மெட் ஹோல்ட் என்ற இன்னொரு மருத்துவ மாணவரை வைத்து வேலையைத் தொடர்ந்தார். 1918-இல், ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘ஹெப்பாரின்’ என்று பெயரிட்டார். இன்று மருத்துவமனைகளில் ரத்தக் கட்டியைத் தடுக்கப் போடும் ஊசி மருந்தின் பெயர் அதுதான். மெக்லீன் பிரித்தது இந்தப் பொருளே அல்ல, அது கொழுப்பு வகை, ஹவல் பின்னர் பிரித்தது வேறு வகை என்று வரலாற்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அப்படியானால் கண்டுபிடித்தவர் யார்? இந்த வழக்கு தீர்ந்தபாடில்லை.

இடையில் 1910-இல் ஆப்ரகாம் ஃபிளெக்ஸ்னரின் அறிக்கை வந்திருந்தது. அவர் மருத்துவர் அல்ல, பள்ளிக்கூடம் நடத்தியவர். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளைப் பற்றி எழுதி, பலவற்றைக் கிழித்துத் தோரணம் கட்டினார். அவர் காட்டிய முன்மாதிரி ஹாப்கின்ஸ். ஆய்வகமே இல்லாத பள்ளிகள் அடுத்தடுத்து மூடப்பட்டன. கறுப்பின மாணவர்களுக்கென இருந்த ஏழில் இரண்டுதான் மிஞ்சின.

ஆனாலும் அடுத்த அரை நூற்றாண்டுக்கு ஆய்வு என்பது பள்ளிக்குள் போன பிறகு செய்வதாகவே இருந்தது. ஹெரால்ட் வார்மஸ் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்தவர். ஹார்வர்டு மருத்துவப் பள்ளி அவரை இரண்டு முறை திருப்பி அனுப்பியது, கொலம்பியா சேர்த்துக்கொண்டது. வியட்நாம் போர்க் காலத்தில், கட்டாய ராணுவ மருத்துவப் பணிக்கு மாற்றாக இருந்த தேசிய சுகாதார ஆய்வு நிறுவன வேலைக்கு 1968-இல் போன பிறகுதான் உருப்படியான ஆய்வே தொடங்கியது. 1989-இல் நோபல் பரிசு. இருபத்தொரு வயதில் அவர் நிரப்பியிருக்கக்கூடிய ஆய்வுக் கட்டம் வெறுமையாகவே இருந்திருக்கும்.

நிலைமையைப் புரட்டிப் போட்டது பணம். அந்தத் தேசிய நிறுவனத்தின் ஆண்டு நிதி 1947-இல் சுமார் 80 லட்சம் டாலர். 1966-இல் 100 கோடி டாலருக்கு மேல். மருத்துவப் பள்ளிகள் ஆய்வுத் தொழிற்சாலைகளாயின. தொழிற்சாலைக்குக் கைகள் வேண்டுமே! 1964-இல் எம்.டி.யும் பிஎச்.டி.யும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு அரசு நிதியில் ஒரு திட்டம் மூன்று பள்ளிகளில் தொடங்கியது. 1969-இல் எம்.ஐ.டி.யில் மார்கரெட் மக்விக்கர் இளங்கலை மாணவர்களைப் பேராசிரியர்களின் ஆய்வகத்துக்குள் அனுப்பும் திட்டத்தைத் தொடங்கினார். மற்றப் பல்கலைக்கழகங்கள் அதைப் பார்த்துச் செய்தன. 1987-இல் தேசிய அறிவியல் அறக்கட்டளை கோடைக்கால ஆய்வு வாய்ப்புகளுக்கு நிதி கொடுக்கத் தொடங்கியது. இளங்கலை மாணவர் ஆய்வகத்தில் நிற்பது அபூர்வமாக இருந்தவரை அது தகுதி. எல்லோரும் நிற்கத் தொடங்கியதும் அது கட்டணம் மாதிரி ஆகிவிட்டது. பழைய விரிவுரைச் சீட்டுக்குக் காசு கொடுத்தார்கள். இதற்கு மணி நேரத்தைக் கொடுக்கிறார்கள்.

1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பொது விண்ணப்பம் வந்து, ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து அனுப்பும் தொல்லையைக் குறைத்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இணையத்துக்குப் போனது. 2021-இல் சேர விண்ணப்பித்தவர்கள் 62,443 பேர். சேர்ந்தவர்கள் 22,666 பேர். இந்தக் கூட்டத்தில் தேர்வுக் குழுவினர் ஒரு பதிவில் எவ்வளவு நேரம் கண் வைப்பார்கள் என்பது விண்ணப்பித்தவர்களுக்கும் தெரியும். ஆகவே 700 எழுத்துக்குள் ஓர் இலக்கிய வடிவமே உருவாகிவிட்டது.

அந்த வடிவத்தின் சிக்கல் இலக்கணத்தில் தொடங்குகிறது. ஆய்வுக் கட்டுரை எழுதப் பழகிய மாணவருக்குச் செயப்பாட்டு வினைதான் கைவரும்: மாதிரிகள் சேகரிக்கப்பட்டன, புரதம் அளக்கப்பட்டது, முடிவுகள் பெறப்பட்டன. விண்ணப்பமோ ‘நீ என்ன செய்தாய்?’ என்கிறது. ‘நாங்கள்’ என்று எழுதினால் மாணவரின் பங்கு கூட்டத்தில் மறைந்துவிடும். ‘நான்’ என்று ஓங்கி எழுதினால், இரண்டு பருவம் எலிக் கூண்டு சுத்தம் செய்துவிட்டுப் புற்றுநோய்க்கு வழி கண்டவர்போல ஆகிவிடும். நேர்காணலில் யாராவது ஒருவர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கேட்டால் போதும், சாயம் வெளுத்துவிடும். அனுபவமுள்ள வழிகாட்டிகள் சொல்வது ஒன்றுதான்: ஆய்வகம் தேடிய கேள்வியை ஒரு வாக்கியத்தில் சொல், உன் கை செய்ததைச் சொல், சரிவராமல் போனதையும் சொல். கட்டுரை வெளிவந்திராவிட்டால் வெளிவந்ததாக எழுதாதே. எம்.டி.–பிஎச்.டி. சேர்த்துக் கேட்பவர்களுக்கு மட்டும் ஆய்வைப் பற்றித் தனிக் கட்டுரை, 10,000 எழுத்து வரை. அங்கே மூச்சுவிட இடமுண்டு.

இந்தக் கட்டங்களில் எதிலும் அடங்காத ஆய்வு அனுபவம் விவியன் தாமஸுடையது. டென்னஸியின் நாஷ்வில்லில் வளர்ந்த கறுப்பினத் தச்சர். மருத்துவம் படிக்கச் சேர்த்துவைத்த பணம் பெருமந்தக் காலத்தில் வங்கியோடு போயிற்று. 1930-இல் ஆல்ஃபிரட் பிளேலாக்கின் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். சம்பளப் பட்டியலில் துப்புரவுப் பணியாளர். பிளேலாக்கோடு 1941-இல் ஹாப்கின்ஸுக்கு வந்தார். பிறவி இதயக் குறையால் உடல் நீலம் பாயும் குழந்தைகளுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று ஹெலன் டாசிக் கேட்டபோது, அந்த அறுவை முறையை நாய்களில் செய்து செய்து வடிவமைத்தவர் தாமஸ். 1944 நவம்பர் 29 அன்று முதல் குழந்தைக்கு அறுவை நடந்தபோது பிளேலாக்குக்குப் பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்று வழிகாட்டினார். அடுத்த ஆண்டு வந்த கட்டுரையில் இரண்டே பெயர்கள்: பிளேலாக், டாசிக். பட்டப் படிப்பில் சேர்ந்து மருத்துவராகலாமா என்று தாமஸ் பின்னர் விசாரித்தார். முதலாம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும் என்றார்கள். படித்து முடிக்கும்போது வயது ஐம்பதாகியிருக்கும். விட்டுவிட்டார். அவரிடம் பயின்ற அறுவை மருத்துவர்கள் புகழ்பெற்ற பிறகு, 1976-இல் ஹாப்கின்ஸ் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது. அது மருத்துவத்தில் அல்ல, சட்டத்தில்.

மெக்லீன் தன் பங்குக்காகக் கடைசிவரை வாதாடினார். 1940-களில் ஹெப்பாரின் பெருமருந்தாகிவிட்ட பிறகு, அதை முதலில் கண்டவன் நானே என்று கடிதங்கள் எழுதினார், உரைகள் ஆற்றினார். ஹவல் 1945-இல் இறந்திருந்தார், எதிர்த்துப் பேச ஆளில்லை. 1957-இல் மெக்லீனும் இறந்தார். எழுதி முடிக்காமல் விட்ட நினைவுக் கட்டுரை 1959-இல் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்தது. பூனை ரத்தக் குவளை அதில்தான் வருகிறது. 1963-இல் ஹாப்கின்ஸில் அவருக்கு ஒரு நினைவுப் பலகை பதித்தார்கள். யார், எந்த ஆண்டு, எதற்கு, யாரோடு சேர்ந்து என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கண்டுபிடித்தவர் என்று மட்டும் இல்லை. 1916-இல், பேராசிரியர் ஹவலோடு சேர்ந்து, ஹெப்பாரின் கண்டுபிடிப்புக்குப் பெரும்பங்கு ஆற்றியவர் என்று இருக்கிறது.