பரிசிலும் ஆற்றுப்படையும்

பரிசில் என்னுஞ் சொல் தமிழுக்கு மிகப் பழையது. வள்ளலொருவனிடம் பரிசில் பெற்று மீளும் பாணன், வழியில் எதிர்ப்படும் வறிய பாணனுக்குத் தான் பெற்ற வளத்தை எடுத்துரைத்து, அவ்வள்ளலின் ஊருக்குச் செல்லும் நெறியையுங் காட்டி அனுப்புவான். இதனையே நம் முன்னோர் ஆற்றுப்படை என்றனர். பெற்றவன் பெறாதவனுக்கு வழி காட்டும்போதே பரிசில் நிறைவு எய்துகின்றது என்பது அம்மரபின் உட்பொருள்.

இக்காலத்திற் புலமைக்குப் புரவலராய் நிற்பவை பல்கலைக்கழகங்கள். பட்டமளிப்பு விழாக்களிலே, துறைதோறும் முதன்மை பெற்ற மாணவர்க்குப் பதக்கங்களும் பரிசுகளும் வழங்கப்படுகின்றன. நாடுகளுக்கிடையேயுள்ள தொடர்புகளை ஆராயும் சர்வதேச உறவுகள் என்பதும் அத்துறைகளுள் ஒன்று. அதிற் பரிசு பெறும் கொழும்பு மாணவர் எவ்வரலாற்றின் வழித்தோன்றல் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையிலே பல்கலைக்கழகம் இருந்ததில்லை. இங்கிலாந்து சென்று கற்பதற்கு ஆங்கிலப் பல்கலைக்கழகப் புலமைப் பரிசில் என்றொரு வாயில் இருந்தது. அது மிக ஒடுங்கிய வாயில். 1870ஆம் ஆண்டில் அதனை வென்றவர் பொன்னம்பலம் அருணாசலம். 1853இற் கொழும்பிற் பிறந்த அவர், பிற்காலத்தில் றோயல் கல்லூரி எனப் பெயர்பெற்ற கொழும்பு அக்கடமியிற் பயின்றவர். கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை எழுப்பிய பொன்னம்பல முதலியாரே அவர்தந் தந்தையார். அருணாசலம் கேம்பிரிட்ஜிலே கிறைஸ்ட் கல்லூரியிற் கற்றார். போட்டிப் பரீட்சையில் தேறி, 1875இல் அவ்வழியாக இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையரும் ஆனார்.

உயர்பதவியோடு அவர் அமைந்திருக்கலாம், அமையவில்லை. 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தை முன்னின்று தொடங்கினார். ஆண்டுதோறும் ஓரிருவரைக் கடல்கடந்து அனுப்புவதினும், பல்கலைக்கழகத்தையே இந்நாட்டில் நிறுவுதல் முறை என்பது அவர் கருத்து. 1921இற் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆயினும் அதன் மாணவர் இலண்டன் பல்கலைக்கழகப் பட்டங்களுக்கே தோற்றினர். 1924 ஜனவரி 9ஆந் தேதி அருணாசலம் மதுரையிற் காலமானார். இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானதோ 1942இலே. தாம் வாழுங் காலத்திற் காணாத பயனுக்கு வழி சமைத்தவர் அவர். பரிசில் பெற்ற பாணன் காட்டிய ஆற்றுப்படை இதுவன்றோ?

சர்வதேச உறவுகள் என்னுங் கல்வி பிறந்த கதையும் சிந்தைக்குரியது. 1914இல் மூண்ட முதல் உலகப் போர் ஐரோப்பிய இளைஞரை வாரிக்கொண்டு போயிற்று. போர் ஓய்ந்தபின், 1919இல், வேல்ஸ் நாட்டு அபெரிஸ்ட்வித்திலே இத்துறைக்கென உலகின் முதலாவது பேராசிரியர் பதவி ஏற்படுத்தப்பட்டது. போரில் மடிந்த மாணவரின் நினைவாக டேவிட் டேவிஸ் என்பவரும் அவருடைய சகோதரிகளும் நல்கிய நிதியே அதற்கு மூலதனம். போர் ஏன் மூள்கின்றது, அதனைத் தடுப்பது எங்ஙனம் என்பனவே இக்கல்வியின் முதல் வினாக்கள்.

1948இற் சுதந்திரம் பெற்ற இலங்கைக்கு ஐக்கிய நாடுகள் சபையின் கதவு 1955 டிசெம்பரிலேயே திறந்தது. உலக அரங்கிற் பேசவல்லோரை நாடு வேண்டி நின்றது. இலங்கைப் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்ற இலட்சுமன் கதிர்காமர், 1959இல் ஒக்ஸ்போட் மாணவர் சங்கத் தலைவரானார், 1994இல் வெளிநாட்டமைச்சரானார். 2005 ஓகஸ்ட் 12ஆந் தேதி கொழும்பிலே தம் இல்லத்திற் சுட்டுக் கொல்லப்பட்டார். சர்வதேச உறவுகளை ஆராயும் நிறுவனமொன்று கொழும்பில் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இக்கல்வி தூதுவர்க்கு மட்டும் உரியதன்று. 1964இற் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம், நாடற்றவராயிருந்த 975,000 மக்களின் விதியை வகுத்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வதென முடிவாயிற்று. தேயிலைத் தோட்டத்திற் கூடையுடன் நின்ற தாய்க்கு அந்த ஒப்பந்த வாசகம் புரிந்திருக்குமா? அவள் பிள்ளைகளின் ஊரும் உறவும் அவ்வாசகத்திலேயே தங்கியிருந்தன.

ஆதலால், ஒப்பந்தங்களின் மொழியை அறிந்தவர் அதனை மக்களின் மொழியில் விளக்கவுங் கடமைப்பட்டவர். இலங்கைப் பல்கலைக்கழகம் எழுந்த 1942ஆம் ஆண்டிலேயே கொழும்புத் தமிழ்ச் சங்கமும் தோன்றி, இன்று வெள்ளவத்தையிற் பணிபுரிந்து வருகின்றது. கழகத்திற் பெற்ற அறிவைச் சங்கத்திற் பகிர்ந்தளிக்கும் பட்டதாரியே பரிசிலுக்கு முற்றும் உரியவர். பதக்கம் மார்பிலே துலங்குவது ஒரு நாள். அவர் காட்டும் வழியிலே பின்வருவோர் நடப்பதோ பன்னெடுங்காலம்.